புரசங்காட்டில் சிரித்தவள்

மல்காஜ்கிரி
18 மார்ச் 2024

மதிப்புக்குரிய மதினிக்கு, செண்பகவல்லி கும்பிட்டு எழுதியது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், அபிநவ் எல்லாரும் சுகமா? உங்கள் முழங்கால் வலி இந்த மாதம் எந்தக் காலில்?

முதலில் ஒரு மானக்கேட்டை எழுதி முடித்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காட்டில், நம்ம அபிநவுக்குப் பெண் கொடுக்கப்போகிற பக்தவத்சலம் சார் குழியில் விழுந்தபோது நான் சிரித்தேன், அவருக்குக் கைகொடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை, திமிராகத் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று வேனில் வீடு வரைக்கும் ஏசினீர்களே. சிரித்தது நிஜம். எழுந்திருக்காதது திமிரால் இல்லை. சிரித்த சிரிப்பில் எனக்குப் புடவை நனைந்துவிட்டது. ஐம்பது தாண்டிய உடம்பு, என்ன செய்ய. எழுந்தால் ஊருக்கே தெரியும். அதனால்தான் பூவை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ரசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் வேனிலும் யார் பக்கத்திலும் உட்காராமல் பின் சீட்டுக்குப் போனேன். புடவையில் இருந்த ஆரஞ்சுக் கறையைப் பார்த்து எல்லாரும் பூவின் சாயம் என்றார்கள். பூ காப்பாற்றியது.

நீங்களே சொல்லுங்கள் மதினி. நர்சாப்பூர் தாண்டி அப்படி ஒரு காடு. மரத்தில் ஒரு இலை இல்லை, தரையில் கால் வைக்க இடமில்லாமல் புரசம்பூ. நெருப்பைக் கொட்டிப் பரப்பின மாதிரி. அந்த மனுஷன் நம் பக்கம் திரும்பி நின்று, "இந்த மலரைத் தெலுங்கில் மோதுகு என்பார்கள், வடக்கே ஹோலிக்குச் சாயம் எடுப்பார்கள்" என்று பாடம் நடத்திக்கொண்டே பின்னால் போகிறார். மழைத்தண்ணீருக்கு யாரோ வெட்டிய குழி, பூ மூடிக் கிடக்கிறது. இடுப்புக்குக் கீழே ஆளைக் காணோம். மேல்பாதி மட்டும் பூவுக்கு மேலே நின்றுகொண்டு, "ஆகையினால்" என்றது. இதற்குச் சிரிக்காமல் எதற்குச் சிரிப்பது?

வேனை விட்டு இறங்கினதும் பிள்ளையார் முன்னால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தீர்கள். என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், என் குரல் உங்கள் காதில் விழக்கூடாது. போனும் பேச்சு, வாட்ஸப்பும் பேச்சு, அண்ணனிடம் சொல்லி அனுப்பினாலும் பேச்சு. எழுதுவதைப் பற்றிப் பிள்ளையாரிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. போஸ்ட் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் வெயில் உறைக்குமுன் சைனிக்புரி வந்துவிடும். தபாலில் எப்போது வரும் என்று பார்ப்போம்.

பக்தவத்சலம் சார் கால் எப்படி இருக்கிறது?

உங்கள் ஏச்சுக்கு என்றும் பாத்திரமான,
செண்பகம்


சைனிக்புரி
29 மார்ச் 2024

செண்பகத்துக்கு,

நலம். 'நலமறிய அவா' என்று எழுதுவது வழக்கம். அவா இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, உன் அண்ணன் கையில் கிடைக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இப்படி ஒரு விஷயத்தைப் பசை போட்டு ஒட்டித் தபாலில் அனுப்ப உன்னால்தான் முடியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், சத்தியத்தில் சந்து கண்டுபிடிக்க மட்டும் வக்கீலாக இருக்கிறாய். அந்தச் சந்து வழியாகவே பதில் எழுதுகிறேன், ஒருமுறை.

அவர்கள் வீட்டிலிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிறேன் என்றவர்கள் போனை எடுப்பதில்லை. அபிநவ் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "பரவால்லம்மா, சோட் தோ, விட்டுருங்க" என்கிறான். பரவாயில்லை என்ற முகமா அது?

அவனுக்கு அக்கா தங்கை இல்லை. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி முடிச்சைப் போடுகிற உரிமை அத்தைக்குத்தான் என்று, அவன் பிறந்த நாளிலிருந்து நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இனிமேல் சொல்லாதே. இந்தக் கல்யாணம் நின்றால் உன் சிரிப்பால் நின்றது. நடந்தால் என் சித்தி மகள் லலிதா முடிச்சுப் போடுவாள். நீ மண்டபத்து வாசலில்கூட இருக்கமாட்டாய்.

திரிபுரசுந்தரி


மல்காஜ்கிரி
4 ஏப்ரல் 2024

மதினிக்கு, செண்பகம் எழுதியது. நாங்கள் சுகம். உங்களுக்கு அவா இல்லாவிட்டாலும் எழுதிவிட்டேன்.

லலிதாவா? ஏன் மதினி, உலகத்தில் ஆளா இல்லை? அவள் தன் பாவாடை நாடாவையே பல்லால் கடித்து அவிழ்க்கிறவள். அவள் தாலியில் முடிச்சுப் போட்டால் அய்யர் மந்திரத்தை இரண்டு தடவை சொல்லவேண்டி வரும்.

முடிச்சுப் போடுவதில் என்னைவிடத் தேர்ந்தவள் மல்காஜ்கிரியில் கிடையாது. நீங்கள் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். அபிநவ் ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைப்பான். ஷூ லேசில் ஒற்றைக் காது வைத்தால் பிடிக்காது, முயல் மாதிரி இரண்டு காது வேண்டும். அப்புறம் டை, காத்தாடி நூல், அனுமார் கோவில் கயிறு. அவன் உடம்பில் நான் முடிச்சுப் போடாத இடம் கழுத்துக்குப் பின்னால் மட்டும்தான். அதையும் அவன் பெண்டாட்டி கழுத்தில் போட்டுவிட்டால் என் கடமை முடிந்தது.

எதிர்வீட்டு ஸ்ரீஜாவிடம் கேட்டேன். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையே எல்லா முடிச்சையும் போட்டுக்கொள்வானாம். "எந்துக்கு ஆன்ட்டி மீக்கு இந்த டென்ஷன்?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

சம்பந்தி வீட்டுக்கு நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா? பதில் போடுங்கள். ஒருமுறைதான் என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் ஒருமுறையெல்லாம் எனக்குத் தெரியும்.

செண்பகம்


சைனிக்புரி
22 ஏப்ரல் 2024

செண்பகத்துக்கு,

உன் ஷூ லேஸ் கதைகளை எனக்கு அனுப்பாதே. நான் சம்பளத்துக்குப் போனேன், உல்லாசத்துக்கு இல்லை. அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனை திரும்பும்வரை நான் எதைப் பார்த்துக்கொண்டு போனேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. சொல்லப்போவதும் இல்லை.

உன் சிரிப்புக்காகத்தான் நான் கற்பூரத்தை அடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு அவரைத் தூக்க ஓடியதில் நானும் பூவில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் மடங்கி விழுந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. அபிநவ் குழியில் கிடந்த மாமனாரிடமும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த உன்னிடம் ஓடினான். "அத்தை, க்யா ஹுவா அத்தை" என்று உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று பதறினான். நான் என் கையை ஊன்றி நானே எழுந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போகாதே. எதற்கும் போகாதே. இனி எழுதாதே.

திரிபுரசுந்தரி


மல்காஜ்கிரி
30 மே 2024

மதினிக்கு, செண்பகம். இங்கே வெயிலைத் தவிர எல்லாரும் சுகம்.

இனி எழுதாதே என்றீர்கள். ஒரு மாதம் பேனாவைத் தொடவே இல்லை. அதற்குமேல் முடியவில்லை.

நீங்கள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதற்கும் சேர்த்துச் சிரித்திருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் அவனை உங்கள் பக்கம் தள்ளிவிட்டிருப்பேன்.

போகாதே என்றதால் கொண்டாப்பூருக்கு, சம்பந்தி வீட்டுக்கே போனேன். வானத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் மதினி. கேட்டில் இருந்த காவல்காரர், "கவுன் ஹோனா?" என்று, யார் வேண்டும் என்று கேட்டார். ஃப்ளாட் நம்பர் மறந்துபோய், "குழியில விழுந்தாரே அந்த சார்" என்றேன். என்னுடைய இந்திக்கு அது அவருக்கு எப்படிக் கேட்டதோ, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று பதறிவிட்டார்.

பக்தவத்சலம் சார் நன்றாக நடக்கிறார். நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்கிற காரணத்தை அவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், அவருக்கும் என் கதி ஆகிவிடுமோ என்று பயந்துபோனேன். கோபமே இல்லையாம்.

"அப்ப ஏன் சார் எங்க மதினி போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கீங்க?" என்று கேட்டேன்.

நமக்கு மருமகளாக வரப்போகிற ஹர்ஷிதாவின் அம்மா ஒரு காரணம் சொன்னார்கள். அதை எழுதமாட்டேன். நான் ஒரு பதில் சொன்னேன். அதையும் எழுதமாட்டேன். பங்கனப்பள்ளி மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள், நல்ல இனிப்பு. அதை எழுதலாம்.

செண்பகம்


மல்காஜ்கிரி
5 ஆகஸ்ட் 2024

மதினிக்கு, செண்பகம். சுகம், சுகமா.

பதில் இல்லை. உங்களுக்குக் கை சுளுக்கா, தபால்காரருக்குக் கால் சுளுக்கா? இங்கத்து அம்மன் திருவிழாவில், அதுதான் போனாலுவில், அண்ணனைத் தூரத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு பலூன்காரர் பின்னால் ஒளிந்துகொண்டார். பாவம், பலூன்காரர் ஒல்லி. அண்ணன் முழுசாகத் தெரிந்தார். வேட்டியைப் பார்த்தால் யாரோ கஞ்சி கம்மியாகப் போட்ட மாதிரி இருந்தது. வீட்டில் மனசு சரியில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்டால் பேச்சு ஆகிவிடும்.

செண்பகம்


சைனிக்புரி
19 செப்டம்பர் 2024

செண்பகத்துக்கு,

நலம். கஞ்சி சரியாகத்தான் போட்டிருந்தேன்.

ஜூன் மாதம் அவர்களே போன் செய்து நிச்சயத்துக்கு நாள் கேட்டார்கள். பங்குனியில் கல்யாணம். நான் வாயால் எவ்வளவோ கேட்டும் மனம் மாறியதற்குக் காரணம் சொல்லவில்லை. நேற்று ஹர்ஷிதா வீட்டுக்கு வந்தாள். சிறிசு, மறைக்கத் தெரியவில்லை. எல்லாம் சொல்லிவிட்டாள்.

அவர்கள் உன் சிரிப்புக்காகப் போனை எடுக்காமல் இருக்கவில்லை. வேனில் நான் உன்னை ஏசிய ஏச்சைக் கேட்டு அவள் அம்மா நடுங்கிப்போய்விட்டாராம். "நாத்தனாருக்கே இந்தப் பாடுன்னா, நாளைக்கு எம்பொண்ணு என்ன ஆவா?" என்று. கல்யாணம் நின்றிருந்தால் என் வாயால் நின்றிருக்கும்.

அதற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னாள். "எங்க மதினி ஏசுவாங்கதான். ஆனா என்னத் தவிர ஒருத்தரையும் ஏசினது கிடையாது. இருக்கிறது பூரா எனக்கே செலவாயிரும். ஒங்க பொண்ணுக்கு மிச்சம் இருக்காது. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

யார் உன்னைக் கேட்டது? எனக்கு வக்காலத்து வாங்க உன்னை யார் கூப்பிட்டது? மே மாதமே உனக்குத் தெரியும். 'குற்றம் உங்கள் மேல்தான் மதினி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். மாம்பழம் இனிப்பு என்று எழுதினாய். நாலு மாதம் என்னைக் குருடியாக உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். நீ சிரித்ததைக்கூட மன்னிப்பேன். இதை மன்னிக்கமாட்டேன்.

சத்தியம் சத்தியம்தான்.

திரிபுரசுந்தரி


மல்காஜ்கிரி
2 அக்டோபர் 2024

மதினிக்கு, செண்பகம். இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது, ரத்த ஓட்டத்துக்கு நல்லது.

உங்களை ஏச எனக்குத் தெரியாதா? தெரியும். படித்தவர்களை எந்த இடத்தில் கிள்ளினால் வலிக்கும் என்று படிக்காதவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதை எழுதினால் அப்புறம் நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதமாட்டீர்கள். பூட்டி வைத்திருக்கிற அலமாரியில் என் லெட்டர் சேராது. அதுதான்.

விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். முடிச்சு எனக்கு வேண்டும் மதினி.

வேறு எதுவும் கேட்கமாட்டேன். பட்டுப்புடவை வேண்டாம், முன்வரிசை வேண்டாம், சாப்பாடுகூட வேண்டாம். சாப்பாடு வேண்டும்.

செண்பகம்


சைனிக்புரி
10 பிப்ரவரி 2025

செண்பகத்துக்கு,

நலம். உனக்குச் சளி என்று கேள்விப்பட்டேன். விசாரிப்பதாக எடுத்துக்கொள்ளாதே. கீழே எழுதியிருப்பதற்கு அது இடைஞ்சலாக இருக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிறார்களாம், இப்போது அதுதான் வழக்கமாம். அதே காட்டில்தான் வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேரும். மார்ச் முதல் ஞாயிறு. இரண்டு குடும்பமும் ஒரே வேன். அத்தை வராமல் நான் போகமாட்டேன் என்று அபிநவ் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வா. ஆனால் உன் குரல் என் காதில் விழக்கூடாது. வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேச்சு, சிரிப்பு, செருமல், தும்மல் எதுவும் வரக்கூடாது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் மண்டபத்திலும் மூடிக்கொண்டிருப்பாய் என்று நம்பி, முடிச்சை உனக்குத் தருகிறேன். ஒரு சத்தம் வந்தாலும் லலிதா. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திரிபுரசுந்தரி


மல்காஜ்கிரி
17 பிப்ரவரி 2025

மதினிக்கு, செண்பகம். சம்மதம்.

தும்மலுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை, அது கடவுள் கையில். லலிதாவைப் பாவாடை நாடாவில் பழகச் சொல்லுங்கள். வீணாகப் போகாது.

செண்பகம்


மல்காஜ்கிரி
6 மார்ச் 2025

என் மதினிக்கு, செண்பகம் எழுதியது. இங்கே நான் சுகம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தீர்களா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா?

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பின்னால் வேறு விதமாகச் சொல்லிவிடக் கூடாது.

போன வருஷத்தைவிடப் பூ அதிகம். ஹர்ஷிதா ஓடுகிறாள், அபிநவ் பின்னால் ஓடுகிறான், போட்டோ எடுக்க வந்த அனிருத் மல்லாந்து படுத்துக்கொண்டு எடுக்கிறார். அப்புறம் குடும்பப் படம் என்றார். நீங்கள் அந்த மாம்பழக் கலர் பட்டில் நடுவில் நின்றீர்கள். "ஆன்ட்டி, கொஞ்சம் வெனக்கி... இன்கொஞ்சம்" என்றார். நீங்கள் பின்னால் போனீர்கள்.

எனக்கு அந்த மரம் தெரியும். அடியில் இரண்டாகப் பிளந்த மரம். அதற்குக் கீழேதான் பக்தவத்சலம் சார் பாடம் நடத்தியது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவர் வேறு ஏதோ பூவைப் பற்றி அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கையைத் தட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்து முறைத்தீர்கள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு அடி கூடுதலாக வைத்தீர்கள். 'மதினி' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் லலிதா.

அப்புறம் உங்கள் மேல்பாதி மட்டும் இருந்தது.

நீங்கள் "ஆகையினால்" என்று சொல்லவில்லை. "செண்பகம்!" என்று கத்தினீர்கள். நர்சாப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். சத்தியம் முறிந்தது உங்கள் பக்கத்தில்தான் மதினி. பிள்ளையாருக்குத் தேங்காய் நீங்கள்தான் உடைக்கவேண்டும். நான் ஒரு சத்தமும் போடவில்லை, அதற்கு ஒரு வேன் நிறையச் சாட்சி இருக்கிறது.

நீங்கள் கூப்பிட்டது என்னை. ஓடிவந்தது அபிநவ். ஹர்ஷிதா கையை உதறிவிட்டு, என்னைத் தாண்டி, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உங்களிடம் ஓடினான். "அம்மா, க்யா ஹுவா அம்மா" என்று உங்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் தூக்கினபோது, நடக்க முடிகிற நீங்கள் நடக்க முடியாத மாதிரி அவன் தோளில் சாய்ந்ததையும் பார்த்தேன். அதை ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன்.

அந்த நேரத்தில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பூ அள்ளிப் போட்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பது சத்தம் போட்டுச் சிரிப்பதைவிட உடம்புக்குக் கஷ்டம்.

நான் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். வேன் கிளம்பினதும், நீங்கள் திரும்பிப் பார்க்காமல், உங்கள் பைக்குள் கைவிட்டு மடித்து வைத்திருந்த ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துப் பின்னால் நீட்டினீர்கள். "வீட்லருந்தே எடுத்துட்டு வந்தேன்" என்றீர்கள். அப்புறம் மல்காஜ்கிரி வரும்வரை என்னை ஏசினீர்கள். ஹர்ஷிதாவின் அம்மா இந்தத் தடவை பயப்படவில்லை, நன்றாகத் தூங்கினார்கள்.

முடிச்சு எனக்குத்தான். லலிதாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பெட்ஷீட்டைத் துவைத்துவிட்டேன். மடிப்புக்குள் நசுங்கின பூ இருந்ததை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைகளும் அதே வாளியில்தான் ஊறின. எல்லாம் ஆரஞ்சு ஆகிவிட்டது. வேறு சட்டை இல்லாததால் அதையே போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார். அங்கே எல்லாரும் அவர் காவி உடுத்தி அனுமார் தீட்சைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று நினைத்து, எழுந்து நின்று 'சாமி' என்று கூப்பிடுகிறார்களாம். இல்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து முட்டை சாப்பிடவில்லை, தரையில்தான் படுக்கிறார்.

செண்பகம்